விறகடுப்பை யார் சர்வீஸ் செய்வது?

கேஸ் சிலிண்டர் வந்ததும் விறகடுப்பு ஒழிந்துவிட்டது என்று நகரத்தில் இருக்கிற நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருச்சியிலிருந்து மணப்பாறை போகும் வழியில் எந்த ஊரிலாவது இறங்கி நாலு வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். உள்ளே சமையல் மேடையில் கேஸ் அடுப்பு துடைத்து வைத்தபடி இருக்கும். பின்னால் கீற்றுச் சார்ப்பில் மூன்று குமிழ் வைத்த மண்ணடுப்பு எரிந்துகொண்டிருக்கும். காலைக் காப்பிக்கும் அவசர உப்புமாவுக்கும் கேஸ். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, வீட்டில் ஒரு விசேஷம் என்றால் விறகு. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை எல்லாமே விறகு.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, சமையலுக்குத் தூய எரிபொருள் பயன்படுத்தும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் சுமார் 83 சதவீதம். இந்திய அளவில் அது 58.6 சதவீதம்தான். நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வீடு பெரும்பாலும் எதில் சமைக்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது. கொல்லையில் எரியும் இரண்டாவது அடுப்பு இதில் வராது. எஞ்சிய 17 சதவீத வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு விறகடுப்புதான் முதன்மை அடுப்பு.

கேஸ் அடுப்பு என்றால் நமக்குச் சில ஒழுங்குகள் தெரியும். ரெகுலேட்டரை மூடிவிட்டுத் தூங்க வேண்டும், ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கசிவு வாடை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. பர்னர் அடைத்தால் கூப்பிட ஒரு மெக்கானிக் இருக்கிறார். விறகடுப்புக்கு இப்படி எந்த ஒழுங்கும் கிடையாது. எங்கே வைப்பது, எதை எரிப்பது, புகைபோக்கியை எப்போது துடைப்பது என்பதெல்லாம் அந்த அடுப்பின் முன்னால் உட்காரும் பெண்ணின் பாடு என்று விட்டுவிட்டோம். அவள் இருமினால் அதுவும் அவள் பாடு. இது அநியாயம் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை. விறகடுப்பு இன்னும் பல ஆண்டுகள் நம்மோடு இருக்கப்போகிறது என்றால், அதையும் ஒரு சாதனமாக மதித்து, முறையாக வைத்து, முறையாகப் பேண வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற புகையும் தெரியாத புகையும்

விறகு முழுதாக எரிந்தால் மிஞ்சுவது வெப்பம், கரியமில வாயு, நீராவி, கொஞ்சம் சாம்பல். புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகு. காசு கொடுத்து வாங்கியதோ காடு மேடெல்லாம் அலைந்து சுமந்துவந்ததோ, பாதி வெந்த நிலையில் காற்றில் கலந்து மூக்குக்குள் போகிறது. அதில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இவை நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கிவிடும். மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்குக் கண்புரை என்று பட்டியல் நீள்கிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2021ஆம் ஆண்டில் உலகம் முழுதும் சுமார் 29 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

தமிழ்நாட்டுச் சமையலறைகளை இந்தக் கண்ணோடு அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். அவரும் சகாக்களும் கிராமத்து வீடுகளுக்குக் கருவிகளோடு போய், சமைப்பவர் எவ்வளவு துகளை உள்ளிழுக்கிறார் என்று கணக்கெடுத்தார்கள். சமைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் மடியிலிருக்கும் பிள்ளைக்கும் புகையில் பங்குண்டு என்பதையும் இத்தகைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பிறகு கவுதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளோடு சேர்ந்து விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரக் கர்ப்பிணிகளுக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்விலும் அவர் குழு பங்கேற்றது. புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவில், குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. அடுப்பை மாற்றிய உடனே உடம்பு மாறிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அதற்காகப் புகையைச் சும்மா விட்டுவிடலாம் என்றும் ஆகாது.

புகையில்லா அடுப்பு: ஒரு பழைய கனவு

இந்தியாவில் இந்தக் கவலை புதியதில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா வழிநடத்திய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் இயங்கிய வார்தா மகன்வாடியில் ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பு உருவானது. ஐதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய எஸ்.பி.ராஜு தானும் ஒரு புகையில்லா அடுப்பை வடிவமைத்து, அதைப் பற்றிய கையேட்டை 1953இல் சென்னையில் வெளியிட்டார். கோடிக்கணக்கான ஏழைகளின் சமையலறைக்கு என்று அந்தப் பொறியாளர் மெனக்கெட்டிருக்கிறார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ பிரிவு, மூன்று பாத்திரம் வைக்கிற ‘அஸ்த்ரா ஒலெ’யை எண்பதுகளில் கொண்டுவந்தது. திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். இதில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போனது.

பிறகு மத்திய அரசே இறங்கியது. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் போடப்பட்டன. இன்று அவற்றில் எத்தனை எரிகின்றன என்று தேடிப் போனால் மனசு கனத்துவிடும். பழைய வீடுகளின் சுவரில் பாதி உடைந்த சிமென்ட் குழாயும், துணி அடைத்த ஓட்டையும்தான் கிடைக்கும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு தெளிவான விடை தருகிறது. ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ‘கிராம் விகாஸ்’ அமைப்போடு சேர்ந்து, 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு கட்டிக்கொடுத்தார்கள். முதலாண்டில் சமைப்பவர் இழுக்கும் புகை குறைந்தது. அதற்குப் பிறகு குறையவில்லை. அடுப்பில் விரிசல் விட்டது, புகைபோக்கி அடைத்தது. சரிசெய்ய வேண்டியதைச் செய்யவில்லை; பலர் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். எஸ்தர் டஃப்லோ 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர். பொருளாதாரத்தில் எத்தனையோ பெரிய கேள்விகளைக் கையாண்ட அவர், ஒரு மண்ணடுப்பின் விரிசலையும் அதே அக்கறையோடு கவனித்திருக்கிறார். அந்த அக்கறை நம் ஊராட்சி அலுவலகங்களுக்கும் நம் வீட்டு ஆண்களுக்கும் வர வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு அடுப்பங்கரையில் தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இட்லிக் கொப்பரையும் களி கிண்டுகிற பானையும் ஒரே வாயில் உட்காராது. விறகைச் சின்னதாகப் பிளந்து போட வேண்டுமென்றால் பிளந்து தருவது யார்? வடிவமைத்தவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள். அதில் சமைப்பவளின் நாளைப் பார்க்கவில்லை.

வைக்கிற இடம், வைக்கிற விதம்

அக்னி மூலையில்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்பவர்கள் அங்கேயே வைக்கட்டும். எந்த மூலையானாலும் மூன்று விஷயம் வேண்டும். வாசலிலிருந்து வரும் காற்று நேராக அடுப்பின் வாயில் அடிக்கக் கூடாது. அடித்தால் தீ நாக்கு வெளியே நீண்டு சேலையைத் தொடும். அடுப்புக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ ஒரு ஜன்னல் வேண்டும். நாலாபுறமும் மேலும் சேர்த்து, தீப்பிடிக்கும் எந்தப் பொருளும் மூன்றடிக்குள் இருக்கக் கூடாது. கீற்றுத் தட்டி, விறகுக் கட்டு, கொடியில் உலரும் துணி, மண்ணெண்ணெய் கேன் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பழைய அடுப்பங்கரைகளில் அடுப்புக்கு நேர் மேலே பரண் இருக்கும். புளியும் விதைநெல்லும் பூச்சியரிக்காமல் இருக்க அந்தப் புகை உதவியது உண்மைதான். ஆனால் காய்ந்த மூங்கில் பரணுக்கும் தீ நாக்குக்கும் நாலடிதான் இடைவெளி. நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

மண்ணடுப்பு போடுவது ஒரு கலை. என் அத்தை மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். இன்றும் தன் அடுப்பைத் தானே போடுகிறவர். களிமண்ணை இரண்டு நாள் ஊறவைத்து, மணல், நறுக்கிய வைக்கோல், சாணம் சேர்த்து மிதிப்பார். அதில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து வெயிலில் வைத்துவிடுவார். மறுநாள் அதை எடுத்துக் காட்டி, “பாரு மருமவனே, இது வெடிச்சிருக்கு. இன்னும் மணல் கேக்குது” என்பார். உருண்டை விரிசல் விடாமல் காய்ந்த பிறகுதான் அடுப்பு எழும்பும். சுவரை ஒரேயடியாக ஏற்ற மாட்டார். அரைச் சாண் வைத்து, இறுகவிட்டு, அதற்கு மேல் அடுத்த அரைச் சாண். நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் காய வேண்டும். முதல் தீ சுள்ளியில் மட்டும். முதல் நாளே கட்டை போட்டு எரித்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துக்கொண்டு வரும். தீ படும் உட்புறத்தில் சிமென்ட் பூசுகிறவர்கள் உண்டு. அது சூட்டில் உதிரும். உள்ளே சூளையில் நன்றாக வெந்த செங்கல்லும் மண்ணும்தான் தாங்கும்.

அத்தை அடுப்பில் நான் சேர்க்கச் சொன்னது ஒன்று, இரும்புக் கம்பித் தட்டு. விறகு தரையில் கிடந்தால் காற்று மேலிருந்து மட்டும்தான் கிடைக்கும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் கம்பித் தட்டு வைத்து, கீழே சாம்பல் குழி விட்டால் காற்று அடியிலிருந்து ஏறும். சாம்பலும் தானே கீழே உதிரும். இரும்புக் கடையில் கிடைக்கும் பழைய ஜன்னல் கம்பியே இதற்குப் போதும். பெயின்ட் அடித்த கம்பியாக இருந்தால் வெளியில் வைத்து நன்றாக எரித்துவிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும்.

புகைபோக்கிக்கு நாலு அங்குலக் குழாய் வேண்டும். கொடியடுப்பின் (பெரிய அடுப்போடு துளையால் இணைந்த பக்கத்து அடுப்பின்) பின்பக்கத்திலிருந்து நேராக மேலே போக வேண்டும். வளைக்காமல் முடியாதென்றால் சாய்வாக வளைக்கலாம். செங்குத்தாக முறிக்கக் கூடாது. முறிவு இருக்கும் இடத்தில்தான் கரி சேரும். அடியில், கையும் கரண்டியும் நுழைகிற அளவுக்கு மூடியோடு ஒரு வாய் கட்டாயம் வேண்டும். அது இல்லாத புகைபோக்கியை யாராலும் துடைக்க முடியாது. கல்நார் சிமென்ட் குழாயை அறவே தவிர்க்க வேண்டும். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. கடும் சூட்டில் குழாயே தெறித்து உடையும். கல்நார் தகட்டுக் கூரையில் ஓட்டை போடுவதும் இதே ஆபத்துதான். கனமான இரும்புக் குழாயோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நல்லது.

கூரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதற்கு அமெரிக்கத் தீயணைப்பு விதி ஒன்று சுலபமாக நினைவில் நிற்கும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி. பத்தடித் தூரத்துக்குள் இருக்கும் எந்த முகட்டையும் சுவரையும் விட இரண்டடி கூடுதல். இதற்குக் குறைந்தால் காற்றுச் சுழல் புகையை மறுபடி உள்ளே தள்ளும். உச்சியில் மழை இறங்காமலும் குருவி கூடு கட்டாமலும் இருக்க ஒரு தகரத் தொப்பி, புகை போக இடைவெளி விட்டு. ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு எடுத்துவிட்டு, சுற்றிலும் தகரம் மடித்து அடைக்கலாம். கூரையின் மரச் சட்டத்தில் குழாய் உரசக் கூடாது. கீற்றுக் கூரையில்? அதைத் துளைத்துச் சூடான குழாயை ஏற்றுவதைவிட, அடுப்பையே தனியாக ஓடோ தகரமோ போட்ட சார்ப்புக்கு மாற்றுவதுதான் அறிவு. ஒரு பொறி போதும். ஒரு தெருவே போன கதைகள் நம் ஊர்களில் உண்டு.

எல்லாம் முடிந்த பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட்டால் புகைபோக்கி வேலை செய்கிறது. முகத்துக்கு வந்தால் குழாயின் உயரத்திலோ இணைப்பிலோ கோளாறு. மழைக்காலக் காலைகளில் குழாய் குளிர்ந்திருந்தால் நல்ல புகைபோக்கியும் முரண்டு பிடிக்கும். அடிவாயில் ஒரு காய்ந்த ஓலையைக் கொளுத்திச் சூடாக்கினால் இழுக்கத் தொடங்கிவிடும்.

விறகு காயட்டும்

புகையைக் குறைக்க எந்தச் செலவும் இல்லாத முதல் வழி, காய்ந்த விறகு. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் வைத்தால், தீயின் முதல் வேலை உலை வைப்பதல்ல, விறகை உலர்த்துவது. பிளந்து, தரையில் படாமல் கல்லோ கட்டையோ வைத்து, காற்று நுழையும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் மூடினால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் காய்ந்துவிடும். நம் ஊரில் மாசி, பங்குனியில் அடுக்கிவிட்டால் சித்திரை, வைகாசி வெயில் சும்மா கிடைக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் உள்ளே எடுத்துவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையைத் தட்டினால் போதும். ‘டங்’கென்று கேட்டால் காய்ந்தது, ‘பொத்’தென்றால் ஈரம். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளிச் சீறினால் இன்னும் வெயில் வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேல்தான் விறகு. அந்த மரத்தின் மேல் எத்தனை புகார் இருந்தாலும் விறகாக அது முதல் தரம். நின்று எரியும், நல்ல கங்கு விழும். கொட்டாங்குச்சி, பாளை, பன்னாடை, யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஊமல் என்று சொல்லும் காய்ந்த பனங்கொட்டை எல்லாம் பற்றவைக்க அருமையானவை. வறட்டி சீக்கிரம் பிடிக்கும். ஆனால் விறகைவிடப் புகை அதிகம். அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கவே கூடாது. அந்தச் செடி முழுக்க நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு, சைக்கிள் டயர், பால் கவர் ஆகியவற்றுக்கும் அடுப்பில் இடமில்லை. ‘சீக்கிரம் பிடிக்கும்’ என்று ஒரு பிளாஸ்டிக் பையைச் சுருட்டி வைப்பது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் புகையைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

எரிக்கும் முறை சுருக்கமானது. மெல்லிய சுள்ளியில் தொடங்குங்கள். அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள். காற்றுக்கு இடம் விட்டு இரண்டு மூன்று கட்டைகளை வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சை இழுங்கள். கொடியடுப்பில் பாத்திரம் இல்லையென்றால் ஒரு குண்டானில் தண்ணீர் வைத்து மூடுங்கள். திறந்து கிடந்தால் புகை அந்த வழியாகத்தான் வரும்; மூடினால் வெந்நீரும் மிச்சம். பருப்பை ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் விறகு கணிசமாக மிஞ்சும். மண்ணெண்ணெயையோ டீசலையோ எரிகிற அடுப்பில் ஊற்றாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கங்கில் ஊற்றுவது அதைவிட மோசம். ஆவி ஒரு நொடியில் குப்பென்று பிடித்து முகத்துக்கு வரும். சமையல் முடிந்ததும் கொள்ளிக்கட்டைகளை இழுத்து மணலில் செருகி அணைக்க வேண்டும். அரைகுறையாகக் கனிந்துகொண்டிருக்கும் கட்டைதான் அதிக நச்சுப் புகை விடும்.

குழாய்க்குள் ஒரு பார்வை

புகைபோக்கியின் அடிவாயைத் திறந்து, ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வானம் தெரிகிறதா என்று பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் நல்லது. பல வீடுகளில் வட்டம் சுருங்கிப் பிறைபோல் ஆகியிருக்கும். சுரண்டினால் முதலில் பஞ்சாக உதிரும் கரி வரும். அதற்கு அடியில் தார் பூசியதுபோல மினுமினுக்கும் கெட்டியான படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர விறகின் புகை குளிர்ந்த குழாயில் படிந்து ஆன பிசின் அது. நன்றாகப் பற்றக்கூடிய எரிபொருள். ஒருநாள் ஓலைத் தீ உயரமாக எழும்பும்போது அதில் பிடித்தால் குழாயே ‘கும்’மென்று உறுமிக்கொண்டு எரியும், உச்சியிலிருந்து பொறி கொட்டும். அப்படி ஆனால் விறகை வெளியே இழுத்துப் போட்டு, அடுப்பு வாய்களையும் அடிவாயையும் தகரத்தால் மூடிக் காற்றை நிறுத்த வேண்டும். எல்லோரும் வெளியேறி 101ஐ அழைக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் குழாய் வெடிக்கும், கொதிக்கும் ஆவி திரும்பி வரும்.

தினம் எரிகிற அடுப்பு என்றால், அடுப்பிலிருந்து கொடியடுப்புக்குப் போகும் துளையை வாரம் ஒருமுறையும் புகைபோக்கியை மாதம் ஒருமுறையும் துடைக்க வேண்டும். கயிற்றின் நடுவில் தேங்காய் மட்டையை நாராகத் தட்டிக் கட்டி, நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி நாலைந்து முறை இழுத்தால் வேலை முடிந்தது. அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இது கூரைமேல் ஏறும் வேலை. சேலை கட்டிக்கொண்டு, மற்ற வேலைகளுக்கு நடுவில் சமைப்பவளே இதையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்ததாலும்தான் கோடிக்கணக்கான அடுப்புகள் பாழாயின. டூவீலருக்கு ஆயில் மாற்றும் தேதியை ஞாபகம் வைத்திருக்கும் ஆண்கள், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்கு எடுத்து வையுங்கள்.

சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே ஆறியிருக்கும்; உள்ளே ஒரு கங்கு மறுநாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். உரச்சாக்கில் அள்ளி வைக்கோல் போர் ஓரம் சாய்த்து வைப்பதால்தான் நடு இரவில் போர் எரிகிறது. மூடி போட்ட தகர டின்னில் ஒரு நாளாவது கிடந்த பிறகு செடிக்கோ பாத்திரம் துலக்கவோ எடுத்துக்கொள்ளலாம்.

மூடிய அறையில் கரி

விறகுப் புகையாவது கண்ணை எரித்து நம்மை எழுப்பும். அடுப்புக்கரி அப்படி எச்சரிக்காது. சிவந்து கனியும் கரியில் புகை இல்லை, வாடை இல்லை. அதனாலேயே அது வீட்டுக்குள் வர அனுமதி பெறுகிறது. ஆனால் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் பல ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். இரவு கறி சுட்ட பார்பிக்யூ அடுப்பை ‘அணைந்துவிட்டதே’ என்று அறைக்குள் எடுத்துப் போவதும் இதே கதைதான். மலைக்குச் சுற்றுலா போகும் இளைஞர்களிடம் யாராவது இதைக் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

பழைய வீடுகளின் குளியலறையில் செப்பு வெந்நீர் பாய்லர் இன்னும் இருக்கிறது. நடுவில் தீக்குழாய், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு. அழகான சாதனம். அதை இப்போதைய ஐந்தடிக்கு ஐந்தடி பாத்ரூமில் வைத்து, கதவைத் தாழ்போட்டுக் குளிக்கக் கூடாது. வெளியே திண்ணையிலோ முற்றத்திலோ எரித்து வாளியில் எடுத்துப் போங்கள். தண்ணீர் நிரப்பாமல் தீ மூட்டினால் ஈயப் பற்று இளகி ஒழுகத் தொடங்கும். மேலே ஆவி போகும் வழியை அடைக்கவே கூடாது. உள்ளே கரி எரியும்போது யாருக்காவது தலை சுற்றினால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு 108.

தீ பட்டால்

நைலான் சேலையும் நைட்டியும் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்படிக்குப் பருத்தி நல்லது, முந்தானையை இடுப்பில் செருகியிருக்க வேண்டும். துணியில் பிடித்துவிட்டால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கம்பளியோ கனத்த பருத்திப் போர்வையோ போட்டு அமுக்க வேண்டும். ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் அடுப்படியில் எப்போதும் இருக்கட்டும். கொதிக்கும் எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் வேண்டாம். தட்டை மேலே தள்ளி மூடுங்கள்.

சுட்ட இடத்தில் இங்க், பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். முகம், கை, மூட்டு, உள்ளங்கையைவிடப் பெரிய காயம், குழந்தை என்றால் தயங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கான்கிரீட் போடும் நாளில்

யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘குசினி’ என்கிற சமையலறையைக் கட்டும்போதே ‘புகைக்கூடு’ என்கிற புகைபோக்கியையும் சேர்த்துக் கட்டுவது வழக்கம். கேஸ் அடுப்பு வந்த பிறகும் பல வீடுகளில் அது நிற்கிறது. 2022இல் இலங்கையில் கேஸுக்கு ஆட்கள் நாள்கணக்காக வரிசையில் நின்றபோது, புகைக்கூடு இருந்த வீடுகள் விறகுக்குத் திரும்பிச் சமாளித்தன. அது இல்லாத கொழும்பு மாடிக் குடியிருப்புக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இங்கே கலைஞர் கனவு இல்லமும் பிரதமர் வீட்டுத் திட்டமும் ஊருக்கு ஊர் கான்கிரீட் கூரை போட்டுக்கொண்டிருக்கின்றன. 360 சதுர அடி வீட்டில் மின்சாரக் குழாய்க்கு இடம் விடுகிறார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு இடம் விடுகிறார்கள். அந்த வீட்டில் குடியேறுகிற பெண், மழைக்காலத்தில் சிலிண்டர் தீர்ந்த அன்று, உள்ளேதான் விறகு எரிப்பாள். கீற்றுக் கூரையிலாவது இடுக்கு வழியே புகை கசிந்து போனது, கான்கிரீட்டில் அதற்கும் வழியில்லை. கூரை போட்ட பிறகு துளைத்தால் ஒழுகும் என்று எந்த வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே கம்பி கட்டும் நாளிலேயே, அடுப்பு வரப்போகும் மூலைக்கு நேர் மேலே எட்டு அங்குல இரும்பு வளையம் ஒன்றை வைத்து, சுற்றிலும் அரையடிக்குக் கட்டை எழுப்பிவிட வேண்டும். பின்னால் அதற்குள் நாலு அங்குலக் குழாயை இடைவெளி விட்டு இறக்கி, மேலே தகரக் குடை வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்குத் தேவையில்லையென்றால் ஒரு மூடி. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கொத்தனாரிடம் இதைக் கேளுங்கள். ஊராட்சிகளில் வரைபடம் போடும் பொறியாளர்கள் அந்த வட்டத்தை வரைபடத்திலேயே போட்டுவிட்டால், கேட்கத் தெரியாதவர்களுக்கும் அது கிடைக்கும்.